ஆர்க்டிக் கணக்கை நம்பலாமா?

அலாஸ்காவின் வடகோடியில், ஆர்க்டிக் கடலின் கரையை ஒட்டி உத்கியாக்விக் என்றொரு சிற்றூர் இருக்கிறது. 2016 வரை அதற்குப் பாரோ என்று பெயர். 2017 டிசம்பரில், முந்தைய மாதத்துக்கான அலாஸ்கா வெப்பநிலை அறிக்கையைத் தயாரிக்க உட்கார்ந்த அமெரிக்க அரசின் காலநிலை ஆய்வாளர்கள் ஒரு விசித்திரத்தைக் கவனித்தார்கள். அந்த ஊரின் கணக்கைக் காணோம். நவம்பர் மட்டுமல்ல, 2017 முழுவதும் காணோம். 2016இன் கடைசிச் சில மாதங்களும் காணோம். வெப்பமானி பழுதாகவில்லை. அளவீடுகள் ஒழுங்காக வந்துகொண்டுதான் இருந்தன. அவற்றை ஒதுக்கிவைத்தது ஒரு கணினி நிரல்.

அந்த நிரலின் வேலையே சந்தேகப்படுவதுதான். ஒரு நிலையத்தின் அளவீடு அக்கம்பக்கத்து நிலையங்களிலிருந்து திடீரென விலகிப் போனால், கருவியை மாற்றியிருப்பார்களோ, வேறிடத்துக்கு நகர்த்தியிருப்பார்களோ, பக்கத்தில் ஏதாவது கட்டடம் எழுந்திருக்குமோ என்று அது எச்சரிக்கும். சரிபார்க்கும்வரை அந்த எண்களைக் கணக்கில் சேர்க்காது. உத்கியாக்விக்கில் அப்படி எதுவும் நடக்கவில்லை. இலையுதிர் காலத்தில் முன்பெல்லாம் கரையருகே வந்து உறைந்துவிடும் கடல் இப்போது திறந்தே கிடக்கிறது. கோடையில் சேர்த்துவைத்த வெப்பத்தை அது ஊர்மேல் விடுகிறது. 1979 முதல் 1999 வரையிலான சராசரியோடு ஒப்பிட்டால், 2000க்குப் பிறகு அந்த ஊரின் அக்டோபர் மாதம் 4.3 டிகிரி செல்சியஸ் சூடேறியிருந்தது. இவ்வளவு வேகம் இயற்கையாக இருக்க முடியாது, எங்கோ தவறு நடந்திருக்கிறது என்று நிரல் முடிவுகட்டிவிட்டது.

இந்தச் சம்பவத்தை இரண்டு விதமாகச் சொல்லலாம். "பார்த்தீர்களா, வேண்டிய எண்ணை வைத்துக்கொண்டு வேண்டாததை அழிக்கிறார்கள்" என்பது ஒன்று. "தவறாக நீக்கப்பட்டது வெப்பத்தைக் காட்டிய எண்தானே" என்பது இன்னொன்று. ஆர்க்டிக் வெப்பநிலையைப் பற்றிச் சாதாரண வாசகர் ஒருவருக்கு எழும் கேள்விகள் பெரும்பாலும் முதல் வகையில்தான் தொடங்குகின்றன. அவை அசட்டுக் கேள்விகள் இல்லை. பலவற்றில் உண்மை இருக்கிறது. ஆனால் பாதியில் நிற்கின்றன. பிழை இருக்கலாம் என்று சந்தேகிப்பவர், அது எந்தப் பக்கம் சாயும் பிழை என்று கேட்பதில்லை. வானிலை ஆய்வு என் தொழில் இல்லை. வெளியில் நின்று பார்க்கும் ஒருவனாக அந்தக் கேள்விகளைக் கடைசிவரை பின்தொடர்ந்து பார்க்கிறேன்.

அங்கே அளந்தது யார்?

வடதுருவத்தில் நிலம் இல்லை. அண்டார்க்டிகா கடல் சூழ்ந்த கண்டம். ஆர்க்டிக் கண்டங்கள் சூழ்ந்த கடல். நடுவே மிதப்பது சில மீட்டர் தடிமனுள்ள பனி. அதுவும் காற்றும் நீரோட்டமும் இழுத்த பக்கம் போய்க்கொண்டே இருக்கும். ஓரிடத்தில் கூண்டு நட்டு நூறாண்டுப் பதிவு எழுத அங்கே வழியில்லை.

நார்வேயின் பிரித்யோஃப் நான்சென் இந்த நகர்வையே வாகனமாக்கிக்கொண்டார். ஃப்ராம் என்ற கப்பலை 1893இல் வேண்டுமென்றே பனியில் சிக்கவைத்தார். 1896இல் அது விடுபடும்வரை கப்பலில் இருந்தவர்கள் காற்றின் வெப்பநிலையைக் குறித்துவந்தார்கள். 1937இல் சோவியத் யூனியனின் இவான் பப்பானின் மூன்று தோழர்களோடு மிதக்கும் பனிப்பாளத்தில் இறங்கி முகாமிட்டார். 1954 முதல் 1991 வரை சோவியத் அரசு இத்தகைய மிதக்கும் நிலையங்களைத் தொடர்ந்து நடத்தியது. பாதரசம் மைனஸ் 39 டிகிரியை நெருங்கும்போதே உறைந்துவிடும் என்பதால், கடுங்குளிரில் ஆல்கஹால் நிரப்பிய வெப்பமானிகளைக் கொண்டுதான் அளக்க வேண்டியிருந்தது. 1979இலிருந்து தானியங்கி மிதவைகள் பனியோடு பனியாக நகர்ந்து அளவுகளை அனுப்புகின்றன. கடலுக்கடியிலும் கருவிகள் உண்டு. நார்வேயின் ஸ்வால்பார்ட் தீவுக்கூட்டத்தில் 2008இல் இந்தியா ஹிமாத்ரி ஆய்வு நிலையத்தைத் திறந்தது. 2014இல் அங்குள்ள கடற்கழியில் 192 மீட்டர் ஆழத்தில் ஒரு கண்காணிப்புக் கருவித்தொகுதி இறக்கப்பட்டது. அதை உருவாக்கியதில் சென்னை பள்ளிக்கரணையில் உள்ள தேசியப் பெருங்கடல் தொழில்நுட்ப நிறுவனத்துக்குப் பங்கு உண்டு.

இத்தனைக்குப் பிறகும் இடைவெளிகள் இருந்தன. பிரிட்டனின் புகழ்பெற்ற உலக வெப்பநிலைத் தொகுப்பு, அளவீடு இல்லாத கட்டங்களை வெறுமையாக விட்டுவிட்டு மற்றவற்றுக்குச் சராசரி கண்டது. பார்க்க நேர்மையாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒரு கட்டத்தை விட்டுவிட்டுச் சராசரி எடுத்தால், அந்தக் கட்டமும் உலகச் சராசரி வேகத்திலேயே சூடேறுகிறது என்று சொல்லாமல் சொல்வதாகிவிடும். மற்ற எல்லா இடத்தையும்விட வேகமாகச் சூடேறும் இடமே வெறுமையாக இருந்தால் என்ன ஆகும்?

இதைக் கேட்டவர்கள் துறைக்குள் பெரிய பதவியில் இருந்தவர்கள் இல்லை. கெவின் கௌட்டன், யார்க் பல்கலைக்கழகத்தில் புரதங்களின் படிக அமைப்பை ஆராய்பவர். ராபர்ட் வே, அப்போது கனடாவில் முனைவர் பட்ட மாணவர். 1998க்குப் பிறகு புவி வெப்பமாதல் நின்றுவிட்டது என்ற பேச்சு ஓங்கியிருந்த காலம் அது. இருவரும் அந்த இடைவெளிகளைச் செயற்கைக்கோள் அளவீடுகளின் துணைகொண்டு நிரப்பினார்கள். அதற்கு அவர்கள் எடுத்துக்கொண்டது, காலநிலை எச்சரிக்கைகளை விமர்சிப்பவர்களாகப் பெயர்பெற்ற ஜான் கிறிஸ்டியும் ராய் ஸ்பென்சரும் பராமரிக்கும் தொகுப்பு. 2013 இறுதியில் வெளியான முடிவின்படி, 1997 முதல் 2012 வரையிலான வெப்ப ஏற்றம் பழைய கணக்கைப்போல ஏறத்தாழ இரண்டரை மடங்கு. அளவீட்டில் ஓட்டை இருக்கிறது என்று சந்தேகித்தவர்கள் சொன்னது சரிதான். ஆனால் அந்த ஓட்டை வெப்பத்தைக் குறைத்துக் காட்டிக்கொண்டிருந்தது.

எண்களைத் திருத்துகிறார்களாமே?

திருத்துகிறார்கள். ஒளிவுமறைவு இல்லை, திருத்தாத எண்களும் திருத்திய எண்களும் பொதுவில் கிடைக்கின்றன. திருத்தாமல் விட்டால்தான் தவறு. ஒரு காலத்தில் மாலுமிகள் கித்தான் வாளியால் கடல்நீரை மொண்டு, கப்பல் தளத்தில் வைத்து வெப்பமானியை முக்கினார்கள். வாளியின் ஈரம் ஆவியாகும்போது நீர் சற்றுக் குளிர்ந்துவிடும். பிற்பாடு இயந்திரத்தைக் குளிர்விக்க உள்ளிழுக்கும் நீரை அளந்தார்கள். அது இயந்திர அறையின் சூட்டில் சற்று வெதுவெதுப்பாக இருக்கும். இரண்டையும் அப்படியே ஒட்டவைத்தால் கடல் உண்மையில் சூடேறியதைவிட அதிகமாகச் சூடேறியதுபோலத் தெரியும். இதைச் சரிசெய்யும்போது பழைய ஆண்டுகளின் வெப்பநிலை சற்று உயர்கிறது. ஏற்றத்தின் சரிவு குறைகிறது. நிலம், கடல் இரண்டையும் சேர்த்துப் பார்த்தால், எல்லாத் திருத்தங்களின் மொத்த விளைவு 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து நடந்த வெப்ப ஏற்றத்தைக் குறைத்துக் காட்டுவதாகவே இருக்கிறது.

நகர வெப்பம் கணக்கைக் கெடுக்காதா என்பார்கள். கெடுக்கும். ஆர்க்டிக்கில்கூட இது உண்டு. பாரோ ஊரிலும் சுற்றுப்புறத்திலும் 2001 டிசம்பர் முதல் 2002 மார்ச் வரை கருவிகள் வைத்து அளந்தபோது, வெட்டவெளியைவிட ஊருக்குள் சராசரியாக 2.2 டிகிரி கூடுதலாக இருந்தது. வீடுகளைச் சூடாக்கும் வெப்பம்தான் காரணம். எனவே நகர வெப்பத்தைக் கழிக்காமல் கணக்குப் போடக் கூடாது என்பது நியாயமான எச்சரிக்கை. அதே நேரம், மனித வீடே இல்லாத நடுக்கடலில் பனி மெலிவதை எந்த ஊரின் அடுப்பும் விளக்காது.

இந்தச் சந்தேகத்தைக் கையிலெடுத்தவர்களில் முக்கியமானவர் கலிபோர்னியாவின் இயற்பியலாளர் ரிச்சர்ட் முல்லர். பழைய தொகுப்புகளின்மேல் நம்பிக்கையில்லாமல், 2010இல் பெர்க்லி எர்த் என்ற திட்டத்தைத் தொடங்கினார். நிதி தந்தவர்களில் எண்ணெய்த் தொழிலதிபர் சார்லஸ் கோக்கின் அறக்கட்டளையும் ஒன்று. நகர வெப்பம், நிலையங்களின் தரம், தேர்வில் சாய்வு, எண்களைத் திருத்துவது என்று சந்தேகவாதிகள் எழுப்பிய ஒவ்வொன்றையும் தனித்தனியாகச் சோதித்தார்கள். நில வெப்பநிலை 250 ஆண்டுகளில் சுமார் 1.5 டிகிரி உயர்ந்திருக்கிறது, அதற்குப் பெரும்பாலும் மனிதர்கள் வெளியிட்ட பசுங்குடில் வாயுக்களே காரணம் என்ற முடிவுக்கு வந்தார்கள். 2012இல் முல்லர் தம் கருத்து மாறியதை வெளிப்படையாக எழுதினார்.

1915இலேயே 38 டிகிரி இருந்ததே?

2020 ஜூன் 20 அன்று சைபீரியாவின் வெர்கோயான்ஸ்க் நகரில் 38 டிகிரி பதிவானது. ஆர்க்டிக் வட்டத்துக்கு வடக்கே பதிவானவற்றில் இதுவே உச்சம் என்று உலக வானிலை அமைப்பு 2021 டிசம்பரில் ஏற்றுக்கொண்டது. செய்தித்தாள்கள் பதறின. உடனே ஒருவர் கேட்பார்: அலாஸ்காவின் ஃபோர்ட் யூகானில் 1915 ஜூன் 27 அன்றே 37.8 டிகிரி பதிவாகியிருக்கிறதே? உண்மை. அந்த ஊரும் ஆர்க்டிக் வட்டத்துக்குச் சற்று வடக்கேதான் இருக்கிறது.

இரண்டு ஊர்களும் கடலிலிருந்து தள்ளி, கண்டத்தின் உட்பகுதியில் இருப்பவை. கோடையின் உச்சத்தில் சூரியன் மறையாது. நடுக்குளிர்காலத்தில் எட்டிப் பார்ப்பதே அரிது. வெர்கோயான்ஸ்கில் 1892இல் பதிவான மிகக் குறைந்த அளவு மைனஸ் 67.8 டிகிரி. ஒரே ஊரில் நூறு டிகிரிக்கும் மேலான ஊசல். இப்படிப்பட்ட இடத்தில் ஒரு நாள் உச்சத்தை வைத்துக்கொண்டு புவி சூடேறுகிறது என்பதும் சரியில்லை, சூடேறவில்லை என்பதும் சரியில்லை. 2020இல் கவனிக்க வேண்டியது ஜூன் 20 அல்ல. ஜனவரியிலிருந்து ஜூன் வரை சைபீரியா முழுவதும் நீடித்த வெப்பம். மனிதத் தாக்கம் இல்லாத உலகோடு ஒப்பிட்டால் அப்படியொரு அரையாண்டு நிகழும் வாய்ப்பு குறைந்தது 600 மடங்கு கூடியிருக்கிறது என்று பன்னாட்டு ஆய்வுக்குழு ஒன்று கணக்கிட்டது.

இதைவிட வலுவான கேள்வி ஒன்று உண்டு. 1922 நவம்பரில் அமெரிக்க வானிலை இதழ் ஒன்று, நார்வேயின் பெர்கன் நகரிலிருந்த அமெரிக்கத் தூதரக அதிகாரியின் அறிக்கையை வெளியிட்டது. ஸ்வால்பார்டின் ஸ்பிட்ஸ்பெர்கன் தீவையொட்டிய கடலில் பனி குறைந்துவிட்டது, பனியாறுகள் பின்வாங்குகின்றன, ஆய்வுக்கப்பல் ஒன்று 81 டிகிரி வடக்கைத் தாண்டியும் பனியில்லாத நீரில் சென்றது என்று அதில் இருந்தது. நூறாண்டு கழித்து இன்றும் அது சுற்றிவருகிறது. அறிக்கை பொய்யில்லை. 1920களிலும் 1930களிலும் ஆர்க்டிக்கின் ஒரு பகுதி நிஜமாகவே சூடேறியது. 1940களுக்குப் பின் குளிர்ந்தது.

அந்த வெப்பம் எங்கே குவிந்திருந்தது என்று பார்க்க வேண்டும். கிரீன்லாந்து, ஸ்வால்பார்ட், ஸ்காண்டினேவியா என அட்லாண்டிக் பக்கத்தில்தான் அது உறைத்தது. அட்லாண்டிக் நீரோட்டத்தின் இயற்கையான ஏற்ற இறக்கத்துக்கு அதில் பெரும்பங்கு உண்டு. இப்போதைய வெப்பம் சைபீரியா, அலாஸ்கா, கனடா, கிரீன்லாந்து என்று வட்டம் முழுக்கப் பரவியிருக்கிறது. அந்த ஸ்பிட்ஸ்பெர்கனையே எடுத்துக்கொள்வோம். ஸ்வால்பார்ட் விமான நிலையத்தில் 1961 முதல் 1990 வரை ஆண்டுச் சராசரி மைனஸ் 6.7 டிகிரி. 1991 முதல் 2020 வரையிலான சராசரி மைனஸ் 4ஐ நெருங்கிவிட்டது. 1930களின் உச்சத்தை எப்போதோ கடந்தாயிற்று. இயற்கை ஒருமுறை தானாகச் சூடேறியது என்பது, மறுமுறையும் அதுவேதான் காரணம் என்பதற்குச் சான்றாகாது.

துருவத்தில் கோடை மாறவே இல்லையே?

சந்தேகவாதிகள் காட்டும் படங்களில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். டென்மார்க் வானிலை நிறுவனம் 80 டிகிரிக்கு வடக்கே உள்ள பகுதியின் தினசரிச் சராசரி வெப்பநிலையை 1958இலிருந்து வரைந்து வைத்திருக்கிறது. அதில் ஜூலை மாதக் கோட்டைப் பாருங்கள். 1958இலும் பூஜ்யத்துக்குச் சற்று மேலே; இன்றும் அங்கேயே. உலகிலேயே வேகமாகச் சூடேறும் இடம் என்கிறீர்கள், கோடை அரை டிகிரிகூட அசையவில்லையே என்றால் முதலில் பதில் வருவதில்லை.

ஒரு தம்ளர் தண்ணீரில் ஐஸ் கட்டிகளைப் போட்டு, வெப்பமானியை வைத்து, மெதுவாகச் சூடாக்கிக் கலக்கிக்கொண்டே இருந்தால் இதற்கு விடை கிடைக்கும். ஐஸ் முழுவதும் கரையும்வரை வெப்பமானி பூஜ்யத்தைவிட்டு அதிகம் நகராது. கொடுக்கும் வெப்பமெல்லாம் பனியை நீராக்குவதிலேயே போய்விடும். பள்ளியில் உள்ளுறை வெப்பம் என்று படித்தது இதைத்தான். ஒரு கிராம் பனியை உருக்கத் தேவைப்படும் வெப்பத்தைக் கொண்டு, உருகிய அந்த ஒரு கிராம் நீரை ஏறத்தாழ 80 டிகிரிவரை சூடாக்கலாம். ஆர்க்டிக் கோடையில் பனி இருக்கும்வரை அதன் மேலுள்ள காற்றும் பூஜ்யத்தோடு கட்டப்பட்டிருக்கும். கூடுதல் வெப்பம் வெப்பமானியில் தெரியாமல், பனியின் தடிமனில் தெரியும். நீர்மூழ்கிகளும் செயற்கைக்கோளும் அளந்தபடி, நடு ஆர்க்டிக்கில் 1980 குளிர்காலத்தில் சராசரியாக 3.64 மீட்டர் இருந்த பனி, 2008 குளிர்காலத்தில் 1.89 மீட்டர்.

அதே டென்மார்க் படத்தில் கோடையை விட்டுக் குளிர்காலத்துக்கு வந்தால் கோடு துள்ளுகிறது. 2016 நவம்பரில் சில நாட்கள் அந்தப் பகுதி வழக்கமான சராசரியைவிட 15 டிகிரிக்கும் மேல் உயர்ந்திருந்தது. சூரியனே இல்லாத காலம் அது. பனி மெலிந்து, உறைவது தாமதமாகி, கடல் தன் வெப்பத்தைக் காற்றுக்கு விட்டுக்கொண்டிருந்தது.

இது முடிவு தெரிந்த பிறகு சொல்லப்பட்ட சமாதானம் இல்லை. காலநிலை ஆய்வாளர்கள் சியுகுரோ மனாபேயும் ரொனால்ட் ஸ்டௌஃபரும் 1980இல் வெளியிட்ட கணினி மாதிரி ஆய்விலேயே, கார்பன் டை ஆக்சைடு கூடினால் ஆர்க்டிக் குளிர்காலத்தில் மிக அதிகமாகவும் கோடையில் மிகக் குறைவாகவும் சூடேறும் என்று இருக்கிறது. மனாபேக்கு 2021இல் இயற்பியல் நோபல் கிடைத்தது. சந்தேகவாதிகளின் விருப்பமான படம், 1980இல் சொன்ன கணிப்பு பலித்ததற்கான படமாகவும் இருக்கிறது.

துருவம் மட்டும் ஏன் முந்துகிறது?

வளிமண்டலத்தில் கார்பன் டை ஆக்சைடின் அளவு மாறினால் பூமியின் வெப்பநிலை எவ்வளவு மாறும் என்று ஸ்வீடனின் வேதியியலாளர் ஸ்வாந்தே அரினியஸ் 1896இல் கையாலேயே கணக்கிட்டார். அவர் குறியாக வைத்திருந்தது பனியுகங்களின் புதிர். நிலநடுக்கோட்டைவிட உயர் அட்சரேகைகள் அதிகம் சூடேறும் என்பது அந்தக் கணக்கிலேயே வந்துவிட்டது. பின்லாந்து வானிலை நிறுவன ஆய்வாளர்கள் 2022இல் வெளியிட்ட ஆய்வின்படி, 1979க்குப் பிறகு ஆர்க்டிக் உலகச் சராசரியைப்போல ஏறத்தாழ நான்கு மடங்கு வேகத்தில் சூடேறியிருக்கிறது. எல்லையை எங்கே வரைகிறோம், எந்த ஆண்டில் தொடங்குகிறோம் என்பதைப் பொறுத்து இந்த எண் சற்றுக் குறையலாம். துருவம் முந்துகிறது என்பதில் மாற்றமில்லை.

எல்லோரும் சொல்லும் காரணம் வெண்மை. வெண்பனி போர்த்திய கடல்பனி தன்மேல் விழும் சூரிய ஒளியில் 80 முதல் 90 சதவீதத்தைத் திருப்பி அனுப்பும். திறந்த கடல்நீர் திருப்புவது பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. பனி போனால் கடல் வெப்பத்தைக் குடிக்கும். குடித்த வெப்பம் மேலும் பனியை உருக்கும்.

அதிகம் பேசப்படாத காரணம் காற்றின் அடுக்குகளில் இருக்கிறது. வெப்பமண்டலத்தில் தரையருகே சூடான ஈரக்காற்று கோபுர மேகங்களாக எழுந்து வெப்பத்தை உயரே கொண்டுபோய்விடுகிறது. அங்கிருந்து அது விண்வெளிக்கு எளிதாகத் தப்பிவிடும். ஆர்க்டிக்கில் தரையருகே கனத்த குளிர்காற்று படுத்துக்கிடக்கும். அதற்கு மேலே சற்றே வெதுவெதுப்பான காற்று. இந்தத் தலைகீழ் அடுக்கால் வெப்பம் மேலே கலக்காமல் தரையோடு தங்கிவிடுகிறது. அத்துடன், குளிர்ந்த பரப்பு தன் வெப்பநிலை ஒரு டிகிரி உயரும்போது கூடுதலாக வெளியே வீசும் வெப்பம், சூடான பரப்பு வீசுவதைவிடக் குறைவு. ஆகவே அதே அளவு கூடுதல் வெப்பத்தைச் சமன்செய்யத் துருவம் அதிக டிகிரி ஏறவேண்டியிருக்கிறது.

பனி திரும்ப வளர்ந்ததே?

1978 அக்டோபரில் நிம்பஸ் 7 செயற்கைக்கோள் ஏவப்பட்ட பிறகு, மேகத்தையும் துருவ இரவையும் ஊடுருவும் நுண்ணலைகளைக் கொண்டு கடல்பனியின் பரப்பு அளக்கப்படுகிறது. ஆண்டில் பனி மிகக் குறைவது செப்டம்பரில். 1979 செப்டம்பரில் அது சுமார் 70 லட்சம் சதுர கிலோமீட்டர். இந்தியாவைப்போல இரண்டு மடங்குக்கும் மேல். 2012 செப்டம்பரில் 34 லட்சம். இந்தியாவைவிடச் சற்றுத்தான் பெரிது. அடுத்த ஆண்டே 50 லட்சத்தைத் தாண்டியது. "பனி மீண்டுவிட்டது" என்று தலைப்புகள் வந்தன.

சந்தேகவாதிகளுக்கு வசதியாக இன்னொன்றும் நடந்திருந்தது. அமெரிக்காவின் முன்னாள் துணை அதிபர் அல் கோர் 2007 டிசம்பரில் நோபல் உரையில், ஏழே ஆண்டுகளில் கோடைப்பனி மறையக்கூடும் என்ற கணிப்பை மேற்கோள் காட்டினார். 2015, 2016 வாக்கில் முடிந்துவிடும் என்று சொன்ன துருவ ஆய்வாளர்களும் உண்டு. எதுவும் நடக்கவில்லை. 2012இன் குறைந்தபட்ச சாதனை 2024 வரை முறியடிக்கப்படவும் இல்லை. அவசரக் கணிப்புகள் தவறின என்பதைத் தயக்கமில்லாமல் ஒப்புக்கொள்ள வேண்டும். பெரும்பாலான கணினி மாதிரிகள் அப்போதும் அவ்வளவு அவசரப்படவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

மீண்டுவிட்டதா என்பதற்குத் தொடரை முழுதாகப் பார்க்க வேண்டும். 2007 முதல் 2024 வரை 18 செப்டம்பர்கள். செயற்கைக்கோள் பதிவில் உள்ள 46 ஆண்டுகளில் மிகக் குறைந்த 18 பரப்புகளும் இந்த 18 ஆண்டுகளுக்கே உரியவை. 2007க்கு முந்தைய நிலைக்கு ஒருமுறைகூடத் திரும்பவில்லை. ஓராண்டின் காற்றும் மேகமும் புயலும் எண்ணை மேலும் கீழும் தள்ளும், தளம் இறங்கிவிட்டது.

மிதக்கும் பனி உருகினால் கடல்மட்டம் உயராதே என்பதும் அடிக்கடி வரும் கேள்வி. ஏறக்குறைய சரிதான், மிதக்கும்போதே அது தன் எடைக்குரிய நீரை விலக்கிவிட்டது. கடலை உயர்த்துவது நிலத்தின் மேலிருக்கும் பனி. கிரீன்லாந்தின் பனி முழுவதும் உருகினால் கடல்மட்டம் ஏழு மீட்டருக்கு மேல் உயரும். அதற்குப் பல நூற்றாண்டுகளுக்கும் மேலாகும். ஆனால் கடல்பனி குறைவதும் கிரீன்லாந்து கரைவதும் ஒரே வெப்பத்தின் வேலை.

பழங்காலத்தில் இதைவிடச் சூடாக இருந்ததாமே?

இருந்தது. பத்தாயிரம் ஆண்டுகளுக்கு முன் ஆர்க்டிக்கின் பல பகுதிகளில் கோடை இருபதாம் நூற்றாண்டைவிட வெதுவெதுப்பாக இருந்தது. அப்போது ஆலைகள் இல்லை, கார்கள் இல்லை. பிறகெப்படி?

பூமியின் பாதை முழு வட்டமில்லை. இன்று பூமி சூரியனுக்கு மிக அருகே வருவது ஜனவரித் தொடக்கத்தில், வடக்கே குளிர்காலமாக இருக்கும்போது. அந்தக் காலத்தில் அது வடகோளத்தின் கோடையில் நிகழ்ந்தது. அச்சின் சாய்வும் சற்று அதிகம். வடக்கின் உயர் அட்சரேகைகளில் கோடை வெயில் இன்றையதைவிடச் சுமார் 8 சதவீதம் வலுவாக இருந்தது. செர்பிய அறிஞர் மிலுடின் மிலன்கோவிச் இந்தச் சுழற்சிகளை விரிவாகக் கணக்கிட்டார்.

அந்தக் கணக்கு இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. அதன்படி பார்த்தால் ஆர்க்டிக் கோடை இப்போது மெல்லக் குளிர்ந்துவர வேண்டும். குளிர்ந்தும் வந்தது. ஏரிப் படிவுகள், பனி உள்ளகங்கள், மர வளையங்கள் ஆகியவற்றைக் கொண்டு 2009இல் வெளியான ஓர் ஆய்வு, ஈராயிரம் ஆண்டுகளாக ஆர்க்டிக் கோடை ஆயிரம் ஆண்டுக்கு 0.2 டிகிரி என்ற அளவில் குளிர்ந்துவந்ததைக் காட்டியது. இருபதாம் நூற்றாண்டில் அந்தச் சரிவு தலைகீழானது. சூரியனும் பூமியின் பாதையும் குளிர்ச்சியை நோக்கி இழுக்கும்போது வெப்பநிலை ஏறுகிறது. கடந்தகால வெப்பம், வெப்பநிலை காரணமில்லாமல் மாறுவதில்லை என்பதைத்தான் சொல்கிறது. இன்றைய காரணத்தை இன்றைய அளவீடுகளில் தேட வேண்டும். கார்பன் டை ஆக்சைடு தொழிற்புரட்சிக்கு முன் பத்து லட்சத்துக்கு 280 பங்கு. இப்போது 420ஐத் தாண்டிவிட்டது.

எப்படிச் சந்தேகப்படுவது?

இந்தத் துறையில் வெளியாளின் கேள்விக்கு மரியாதை உண்டு என்பதற்கு 1938ஐப் பார்க்கலாம். கை காலெண்டர் என்ற பிரிட்டிஷ் நீராவிப் பொறியாளர், ஓய்வு நேரத்தில் உலகெங்கும் 147 நிலையங்களின் பதிவுகளைத் திரட்டி, நிலம் சூடேறிவருகிறது, கரியை எரிப்பதால் சேரும் வாயு அதற்கு ஒரு காரணம் என்று எழுதினார். லண்டனின் வானிலை அறிஞர்கள் அதை எளிதில் ஏற்கவில்லை. அன்று சந்தேகவாதிகள் துறைக்குள்ளே இருந்தார்கள். மனித வாயுக்கள் பூமியைச் சூடாக்குகின்றன என்றவர்தான் அமெச்சூர். அவருடைய கையெழுத்துக் கணக்கு, இன்றைய கணினித் தொகுப்புகளோடு வியக்கத்தக்க அளவு ஒத்துப்போகிறது.

காலெண்டர், முல்லர், கௌட்டன் மூவரும் செய்தது ஒன்றுதான். கேள்வியோடு நிற்கவில்லை, எந்த விடை வந்தால் தாங்கள் தோற்றதாகும் என்று தெரிந்துகொண்டே கணக்கைப் போட்டார்கள். யாருக்கும் இது சாத்தியம். இங்கே சொன்ன தொகுப்புகள் பெரும்பாலும் இலவசமாகக் கிடைக்கின்றன. ஒரு நாள் உச்சத்தை விட்டு முப்பதாண்டுச் சராசரியைப் பாருங்கள். ஓராண்டுப் பனியை விட்டு முழுத் தொடரைப் பாருங்கள். கோடையைப் பார்த்தால் குளிர்காலத்தையும் பாருங்கள். ஒரு பிழையைக் கண்டுபிடித்தால் அது வெப்பத்தைக் கூட்டுகிறதா, குறைக்கிறதா என்று கடைசிவரை போய்ப் பாருங்கள்.

என் கருத்தை மாற்றக்கூடியவை என்னென்ன என்று நானும் எழுதிவைத்திருக்கிறேன். கார்பன் டை ஆக்சைடு கூடிக்கொண்டே போக, இருபது ஆண்டுகளுக்கு ஆர்க்டிக் குளிர்காலம் தொடர்ந்து குளிர்ந்துவந்தால் இப்போதைய விளக்கம் ஆட்டம் காணும். வளிமண்டலத்தின் மேலடுக்கு இப்போது குளிர்ந்துவருகிறது. சூரியன்தான் காரணமென்றால் அதுவும் சூடேறியிருக்க வேண்டும். அது சூடேறத் தொடங்கினாலும், 1978 முதல் ஏறாமல் இருக்கும் சூரிய ஆற்றலின் செயற்கைக்கோள் கணக்கு தவறென்று தெரிந்தாலும் நான் மறுபடி யோசிப்பேன். செப்டம்பர் பனி பத்தாண்டு தொடர்ந்து 1980களின் அளவுக்குத் திரும்பினாலும் அப்படியே.

எதிர்ப்பக்கம் நிற்கும் நண்பரிடம் இதே போன்ற பட்டியல் ஒன்றைக் கேளுங்கள். அவர் எழுதித் தந்தால் அவரோடு உட்கார்ந்து எண்களைப் பார்க்கலாம். அவரிடமிருந்து நாமும் கற்றுக்கொள்ள ஏதேனும் இருக்கும். எந்த எண் வந்தாலும் மாறமாட்டேன் என்று அவர் சொன்னால், விவாதம் ஆர்க்டிக்கைப் பற்றியது இல்லை என்று தெரிந்துகொண்டு வேறு பேச்சுக்குப் போகலாம்.